வெட்டிய மூலை

"தண்ணிய எட்த்துகினு வாடி உள்ள. அங்கயே நின்னுகினா யாரு ஊத்தறது?"

நஸ்ருன்னிசா திரைக்குள்ளிருந்து கூப்பிட்டது மூன்றாவது முறை. அன்புக்கரசி இடுப்பில் பிளாஸ்டிக் குடத்தோடு நின்றாள். குடிசைக்கும் கால்வாய்க்கும் நடுவே இருந்த நாலடி இடத்தை இரண்டு பழைய புடவைகளைக் கயிற்றில் போட்டு மறைத்திருந்தார்கள். அதற்குள் பலகையில் அவள் அம்மா தேசம்மா கிடந்தாள். காலை ஆறு மணிக்கு உயிர் போனது. இப்போது மணி எட்டரை.

வேறு பெண்கள் யாரும் திரைக்குள் வரவில்லை. வாசலில் உட்கார்ந்து அழ ஆள் இருந்தது. குளிப்பாட்டக் கூப்பிட்டபோது ஒருத்திக்கு முழங்கால் வலி, இன்னொருத்தியின் மருமகளுக்கு ஆறாம் மாசம். மூன்று மாதமாக இந்த வீட்டிலிருந்து வந்த வாடைதான் காரணம் என்று அன்புக்குத் தெரியும். "கால்வா நாத்தம்" என்று அவளே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். கால்வாய்க் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்களிடம் போய் இது கால்வாய் நாற்றம் என்று சொன்னாள். பட்டதாரி.

கடைசியில் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போனவள் அடுத்த வீட்டு நஸ்ருன்னிசாதான். இலவம்பஞ்சுத் தலையணை தைத்து மயிலாப்பூர்த் தெருக்களில் விற்பவள். தேசம்மாவோடு இருபது வருஷப் பழக்கம். நீ யார் எங்கள் பிணத்தைக் குளிப்பாட்ட என்று கேட்க அன்றைக்கு யாருக்கும் வாய் வரவில்லை.

அன்பு உள்ளே போனாள். கண்ணை அம்மாவின் முகத்திலேயே வைத்துக்கொண்டாள். முகம் போதும். கீழே போக வேண்டாம்.

வியாசர்பாடியிலிருந்து வந்திருந்த அத்தை சரோஜாதேவி சீயக்காய்த் தூளோடு திரையை விலக்கினாள். அவளுக்குப் பார்க்கத் தெரியும்.

"இன்னாடி இது, அடிவயித்துல சதுரமா கருத்துக் கெடக்குது? சூடு கீடு போட்டீங்களா?"

"வெந்நி கொட்டிகிச்சி அத்தை."

"வெந்நி சதுரமாவா கொட்டும்?"

"கொட்டும் கொட்டும்," என்றாள் நஸ்ருன்னிசா. "சீயக்காய வெச்சிட்டு நீ போய் கற்பூரம் கீதான்னு பாரு, போ."

அத்தை போனாள். நஸ்ருன்னிசா சொம்பை மொண்டு ஊற்றினாள். ஒரே ஒரு தடவை தலையை நிமிர்த்தி அன்புவைப் பார்த்தாள். பிறகு தேய்க்க ஆரம்பித்தாள்.

மாரடைப்பு என்றுதான் விடிந்ததிலிருந்து ஊர் முழுக்கச் சொல்லியிருந்தது. அன்பு எஸ்.டி.டி. பூத்திலிருந்து தன் ஆழ்வார்பேட்டை ஆபீசுக்குப் போன் பண்ணி, "ஹார்ட் அட்டாக் சார்" என்றாள். அவள் அப்பா துரைராஜ் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மீன்பாடி வண்டி ஓட்டுபவர். மகள் படித்தவள், அவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவள் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து நம்பியவர்.

"அப்டியே சொல்லிடலாமாம்மா?"

"சொல்லிடு நைனா."

ஹார்ட் என்றால் மரியாதை. பங்களாக்காரர்களுக்கு வருகிற வியாதி. அம்மாவுக்கு வந்தது அந்த இடத்தில். கர்ப்பப்பை வாயில் புற்று என்று சொன்னால் அத்தை என்ன கேட்பாள், தெரு என்ன கேட்கும் என்று அன்புக்கு மனப்பாடம். இந்தப் பொம்பளை எப்படி இருந்தாளோ என்பார்கள். அது முட்டாள்தனம் என்றும் அவளுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் கூசியது. படிப்பு தெரிந்துகொள்வதற்கு உதவியது. கூசாமல் இருப்பதற்கு எந்தப் பாடத்திலும் வழி சொல்லவில்லை.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், தொண்ணூற்றைந்தில், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவள் அவள்தான். ஒரு வருஷமாக இரத்தப்போக்கைத் துணி வைத்து மறைத்துக்கொண்டு நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்திருக்கிறாள் அம்மா. முதலில் இருபத்தைந்து நாள் வெளியிலிருந்து கரண்ட், அதாவது கதிர், வைத்தார்கள். அதில்தான் தோல் சதுரமாகக் கருத்தது. அதற்குப் பிறகு, உள்ளேயே மருந்து வைக்க வேண்டும் என்றார்கள்.

மயக்கம் கொடுத்துக் குழாயைப் பொருத்திவிட்டு, ஸ்ட்ரெச்சரோடு தள்ளிக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுத்தார்கள். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. கணக்குப் போடுகிற அறையில் சுப்பராமன் என்று ஒருவர் இருந்தார். டாக்டர் இல்லை, பிஸிக்ஸ்காரர். படத்தை விளக்குப் பெட்டியில் செருகிவிட்டு, கதவோரம் நின்றவளைப் பார்த்தார்.

"என்ன படிச்சிருக்கே?"

"பி.எஸ்சி. பிஸிக்ஸ் சார்."

"அட. அப்போ உனக்குப் புரியும், வா."

பென்சிலை எடுத்தார். "இது இடுப்பெலும்பு. இந்த நீளக் குழாய் கர்ப்பப்பைக்குள்ள போயிருக்கு. வாய்க்கு ரெண்டு பக்கமும் ரெண்டு உருண்டை. இந்த வெள்ளை பலூன் மூத்திரப்பையில இருக்கு. குழாய்க்குள்ள புள்ளி புள்ளியாத் தெரியறது பாரு, அது சும்மா உலோக மணி. பொய் மருந்து."

"பொய்யா?"

"முதல்ல பொய்ய உள்ள அனுப்பிப் படம் எடுப்போம். சரியான எடத்துல நிக்கறதா, மூத்திரப்பை எவ்ளோ தூரம், மலக்குடல் எவ்ளோ தூரம்னு அளப்போம். அத வெச்சுத்தான் எத்தனை மணி நேரம்னு கணக்கு. அப்பறம்தான் நிஜ மருந்து போகும். படம் பாக்காம வெச்சா நல்ல சதையை எரிச்சுடும்."

புரிந்தது. தூரம் இரண்டு மடங்கானால் கதிர் நாலில் ஒரு பங்கு. பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு எழுதியிருக்கிறாள். ஆனால் வெளிச்சம் போட்டுத் திறந்து வைத்திருந்தது அவள் அம்மாவின் உள்பக்கம். ஒரு ஆம்பிளை அதில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அவள் பென்சிலை மட்டும் பார்த்தாள். அவர் முடிப்பதற்குள், "புரிஞ்சுது சார்" என்றாள்.

அம்மா ஒரு நாளுக்கு மேல் அசையாமல் தனி அறையில் படுத்திருந்தாள். உறவுக்காரர்கள் ஈயத் தட்டிக்குப் பின்னால் இரண்டு நிமிஷம் நிற்கலாம்.

"படம் நல்லா வந்திச்சா?" என்றாள் அம்மா, ஏதோ ஸ்டுடியோவில் எடுத்த மாதிரி.

"வந்திச்சி."

"எனக்குக் காட்டு. ஓட்டு அட்டைக்கி அப்பால எனக்குன்னு எடுத்தது இதானே."

"அதுல பாக்க இன்னா கீது? எலும்புதான்."

வீட்டுக்கு அனுப்பும்போது சுப்பராமன் கட்டிலுக்கே வந்தார். பழுப்புக் கவரை அன்புவிடம் கொடுத்தார். "இன்னொரு தடவை வெக்கணும், இருபத்தாறாம் தேதி வியாழக்கிழமை. ஒரு தடவையோட விட்டா பாதி வேலைதான். அன்னிக்கு எடுக்கற படத்தையும் இதையும் பக்கத்துல வெச்சுப் பாப்பேன், அதனால மறக்காம எடுத்துண்டு வா. ஓரத்துல பேர் இருக்கு பார். பேர் இல்லாத படத்த நான் தொட மாட்டேன்." அம்மா படுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் தீபாவளிக்கு மறுநாள் சூரிய கிரகணம். செவ்வாய்க்கிழமை. தெருவில் வெடித்த காகிதம் கணுக்கால் வரை கிடந்தது. வெறும் கண்ணால் பார்த்தால் பார்வை போய்விடும், எக்ஸ்ரே படம் வழியாகத்தான் பார்க்க வேண்டும் என்று கரை முழுக்கப் பேச்சு. எக்ஸ்ரேக்கு எங்கே போவது?

"எக்ஸ்ரே தானேபா? நம்ம வூட்ல கீது. இம்மாம் பெரிசு," என்று துரைராஜ் கையை விரித்துக் காட்டினார். தெருவில் யாரிடமும் இல்லாத பொருள் தன்னிடம் இருப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. "அன்பு, எட்தாம்மா அத."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் உள்ளே போய்க் கவரைப் பிரித்தாள். ஓரத்தில் வெள்ளை எழுத்தில், இங்கிலீஷில், தேசம்மா, 46 என்று இருந்தது. கத்தரிக்கோலை எடுத்து அந்த மூலையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டை வெட்டி எடுத்தாள்.

வெங்காயம் அரிந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். "இன்னாத்த வெட்ற?"

"ஓரம் கிழிஞ்சிருந்திச்சி."

துண்டை அடுப்படிக் குப்பையில் போட்டுவிட்டு, "நெஞ்சுல எடுத்தது" என்று சொல்லிப் படத்தை வெளியே கொடுத்தாள்.

படம் கை மாறிக் கை மாறிப் போனது. கிரகணம் சூரியனைப் பாதிக்கு மேல் கடித்து வைத்திருந்தது. எல்லோரும் ஆளுக்குக் கொஞ்ச நேரம் அம்மாவின் இடுப்பு வழியாக வானத்தைப் பார்த்தார்கள். எதிர் வீட்டு அறிவின் முறை வந்தது. அவன் தி.நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் ஸ்ட்ரெச்சர் தள்ளுபவன். படத்தை அப்படியும் இப்படியும் திருப்பினான்.

"யோவ், இது நெஞ்சு இல்லபா. இடுப்பு. பொம்பளைது. உள்ள பாரு, எவனோ தீவாளி ராக்கெட்ட சொருவி வுட்டுக்கறான்."

தெரு சிரித்தது. அதுவரை பார்த்துவிட்டுப் போனவர்கள்கூட மறுபடி பார்க்க வந்தார்கள். இப்போது சூரியனைப் பார்க்க அல்ல.

"யாருதுக்கா இது?" என்றான் அறிவு.

"எங்களுது இல்ல," என்றாள் அன்பு. "ஆஸ்பத்திரில மாத்திக் குட்துட்டாங்க. பேருகூட இல்ல பாரு."

அப்பா மகளைப் பார்த்தார். வாசற்படியில் அம்மா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆமாபா," என்றாள் அம்மா. "யாருதோ."

இறங்கி வந்து அறிவின் கையிலிருந்து படத்தை வாங்கினாள். விரல் ரேகைகளை முந்தானையால் துடைத்துவிட்டு உள்ளே எடுத்துப்போனாள்.

மறுநாள் சாயங்காலம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். கோபமில்லாமல்தான் கேட்டாள். "யாருதோ படத்த வெச்சிகினு எனக்கு இன்னாடி வைத்தியம்?"

அன்புக்கு அப்போது தோன்றியது பரீட்சை தள்ளிப்போன நிம்மதி. லீவு லெட்டரில் என்ன பொய் எழுதுவது என்று இனி யோசிக்க வேண்டாம். சுப்பராமனிடம் பெயர் எங்கே என்று பதில் சொல்ல வேண்டாம். "சரி, அடுத்த வாரம் பாத்துக்கலாம்," என்றாள். வியாழக்கிழமை அரைமணி முன்னாடியே ஆபீசுக்குக் கிளம்பினாள். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

ஒரு வருஷம் கழித்து மறுபடி இரத்தம். ஏன் இரண்டாம் தடவைக்கு வரவில்லை என்று டாக்டரம்மா கேட்டபோது, அம்மா முந்திக்கொண்டாள். "ஊருக்குப் பூட்டோம்மா. ஒரு சாவு." அவர்களுக்கு ஊர் என்று ஒன்று கிடையாது. இனி வலிக்கு மட்டும்தான் மருந்து என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தாள்.

பன்னிரண்டு மணிக்கு ஆபீசிலிருந்து மதுவந்தி வந்தாள். ரோஜா மாலை. இன்னும் ரயில் ஓடாத பாலத்துத் தூண்களுக்கு நடுவே ஆட்டோவை நிறுத்திவிட்டு, செருப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள்.

"நேத்திக்குக்கூட அம்மா நன்னா இருக்கான்னு சொன்னியே அன்பு."

"திடீர்னு ஆயிடுச்சு."

மதுவந்தி மாலையைப் போட்டுவிட்டுக் கைக்குட்டையை மூக்கில் வைத்தாள். ஊதுபத்தி இரண்டு கட்டு எரிந்துகொண்டிருந்தும் வாடை இருந்தது.

"கால்வா நாத்தம் மது. சாரி."

"பரவால்ல," என்றாள் மதுவந்தி. அவள் கண் ஒரு கணம் படுத்திருந்தவளின் இடுப்புப் பக்கம் போய்த் திரும்பியது. நல்ல பெண், ஒன்றும் கேட்கவில்லை. அதற்காகவே அவளை அன்புக்குப் பிடிக்காமல் போனது.

மூன்று மணிக்கு மேளம் ஏறியது. பூப்பாடை கிருஷ்ணாம்பேட்டைச் சுடுகாட்டுப் பக்கம் திரும்பும் வரை பெண்கள் முனையில் நின்றார்கள். சாராயம் ஏறிய ஒருவன், "கொட்த்து வெச்ச சாவுபா, ஹார்ட்டு! படக்குனு போய்ட்சி," என்று ஆடினான். துரைராஜ் கொள்ளிச் சட்டியோடு முன்னால் நடந்தார். ஒரு தடவை திரும்பி மகளைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

திரும்பி வந்து வீட்டைக் கழுவினார்கள். செத்தவள் படுத்த பாயையும் தலையணையையும் தூக்கி எறிய வேண்டும். நஸ்ருன்னிசா பாயைச் சுருட்டினாள். அடியிலிருந்து பழுப்புக் கவர் நழுவி ஈரத்தரையில் விழுந்தது.

"இது இங்கியா கீது," என்றாள். "என் ஊசிய ஒட்ச்ச படம்."

"இன்னா ஊசி?"

"கோணி ஊசி. கிரகணம் ஆன மறாநாளு வந்து கேட்டிச்சி உங்கம்மா. ராத்திரி பொழுதுல எதுக்குக்கான்னேன். இத எட்த்துக் காட்டிச்சி. வெட்ன துண்ட குப்பையிலர்ந்து பொறுக்கி வெச்சிருந்திச்சி. பேரு இல்லாங்காட்டி அந்த ஆஸ்பத்திரி அய்யரு தொட மாட்டாராம். நான் புட்ச்சிகினேன், அது தெச்சிது. தோல விட கெட்டி இது. ஊசி முறிஞ்சி பூட்ச்சி."

அன்பு கவரை எடுக்கவில்லை. தண்ணீர் அதன் ஓரத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

"யாருதோ படம்னு எங்கிட்ட சொல்லிச்சே."

"சொல்லும். நீ தெருவுல சொன்னத்தானே அது திருப்பிச் சொல்லிச்சி." நஸ்ருன்னிசா பாயைக் கயிறு போட்டுக் கட்டினாள். "அதுக்கு மறாநாளு காலைல பாக்கறேன், குளிச்சி ஊதாப் பொடவ கட்டிகினு குந்திகினு கீது. மடில இந்தக் கவரு. எங்க கெளம்பிட்டக்கான்னேன். அன்பு கூப்ட்டா போவணும்னிச்சி."

ஊதாப் புடவையை அன்பு பார்த்திருந்தாள். அந்த வியாழக்கிழமை, டிபன் பாக்ஸை எடுக்கக் குனிந்தபோது. வேலை செய்கிற வீட்டில் ஏதாவது விசேஷம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொண்டதும் பொய். அவள் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் படி இறங்கினாள்.

"எத்தினி மணி வரிக்கும் இருந்திச்சி?"

"ஒம்போது, ஒம்போதரை. அப்பால பொடவய மாத்திகினு பாத்திரம் தேய்க்கப் பூட்ச்சி." நஸ்ருன்னிசா பாயைத் தோளில் போட்டாள். வாசலில் நின்று, "அத எறியவா?" என்றாள்.

"வேணாம்."

அன்பு கவரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வெயில் சாய்ந்து தூண்களுக்கு இடையில் நேராக விழுந்துகொண்டிருந்தது. படத்தை உருவித் தூக்கிப் பிடித்தாள். முதல் தடவையாகப் பென்சில் இல்லாமல் பார்த்தாள். இடுப்பெலும்பு. நடுவில் குழாய், அதற்குள் வரிசையாக மணிகள். இரண்டு உருண்டை. வெள்ளைப் பலூன். மேல் மூலையில் கறுப்பு நூலில் கோணல்மாணலாகத் தையல். ஒட்டுப்போட்ட துண்டில் எழுத்துகள் தலைகீழாக இருந்தன. எது மேல், எது கீழ் என்று அம்மாவுக்கும் தெரியாது, நஸ்ருன்னிசாவுக்கும் தெரியாது.

விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை எழுந்து வந்தாள். சுடுகாட்டிலிருந்து ஆண்கள் தலை ஈரத்தோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அறிவும் இருந்தான்.

"யாரு படம்டி அது?" என்றாள் அத்தை.

அன்பு படத்தைத் திருப்பிப் பிடித்தாள். எலும்புகள் தலைகீழாயின. பெயர் நேராக வந்தது.

"தேசம்மா," என்று படித்தாள். "நாப்பத்தாறு."

படம் வெயிலை அடக்கிப் பழுப்பாக்கியிருந்தது. ஊசி போன ஓட்டைகளில் மட்டும் வெயில் அப்படியே வந்தது, வரிசையாக, ஒவ்வொரு புள்ளியாக. கண் கூசியது. அவள் படத்தை இறக்கவில்லை.